முந்நூற்றுப் பன்னிரண்டு சமரசங்கள்

வள்ளியம்மையின் பேச்சுக்குக் கல்லும் கரையும் என்று தென் தில்லியில் அவள் வேலை பார்த்த காவல் நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த நிலையத்தின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே வாசலை ஒட்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பெண்களுக்கான ஹெல்ப் டெஸ்க் என்று ஒரு மேசை இருந்தது. தலைமைக் காவலர் வள்ளியம்மை ஆறு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அப்பா கருப்பையா சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து ஓர் அமைச்சகத்தில் கோப்பு தூக்கியவர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில் அவள் வளர்ந்தாள். தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக் கூட்ட வேண்டும். ஹிந்தி எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். இருபத்திரண்டு வயதில், நல்ல உயரம் என்பதால், பக்கத்து வீட்டார் சொல்லி விண்ணப்பம் போட்டுக் காவலராகச் சேர்ந்தாள். பேருந்து நிலையக் காவல், ஊர்வலப் பாதுகாப்பு என்று வருஷக்கணக்கில் நின்று கால் நரம்பு சுருண்ட பிறகு கிடைத்த மேசை அது. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

மேசைக்கு வரும் பெண்களை அவள் ஒருநாளும் விரட்டியதில்லை. உட்காரச் சொல்வாள், தண்ணீர் கொடுப்பாள், டீ வாங்கி வரச் சொல்வாள். பிறகு பேசுவாள். கோர்ட் என்றால் எத்தனை வருஷம், குழந்தை யார் கையில் வளரும், பிறந்த வீட்டில் அண்ணி எத்தனை நாள் சோறு போடுவாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். எதுவும் பொய்யில்லை. அரை மணியோ ஒரு மணியோ கழித்து, எழுதிக் கொண்டுவந்த புகார்க் காகிதம் கைப்பைக்குள்ளேயே திரும்பப் போய்விடும். கணவனையும் வரவழைத்து, இனி கை ஓங்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, பெண்ணிடமும் கையெழுத்து வாங்கி, சாட்சி என்ற இடத்தில் தன் பெயரைப் போடுவாள். அந்தக் கடிதங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் மேசையின் கீழ் இழுப்பறைக்குள் போகும்.

நிலைய அதிகாரியை எல்லோரும் எஸ்.எச்.ஓ. சாப் என்றுதான் கூப்பிடுவார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் தன் எல்லையில் வழக்குகள் குறைவு என்று அவர் சொல்லிக்கொள்ள முடிந்ததற்கு அந்த மேசை ஒரு காரணம். "வள்ளி, ஜரா சம்ஜா தோ இவங்களுக்கு" என்பார். கொஞ்சம் புரிய வை என்று அர்த்தம். அவள் புரிய வைப்பாள். குடும்பங்களைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவள் மனசார நம்பினாள். வீட்டில் கணவர் தீனாவிடம்கூட, "அழுதுக்கிட்டு வர்றவங்க டீ குடிச்சிட்டு அமைதியாப் போறாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஷ்வேதா வந்தாள். இருபத்தெட்டு வயது. ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்து கழுத்தில் போட்டிருந்தாள். அதே கழுத்தில், அந்த வெயிலிலும், துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்த இரண்டு பக்கத்தைப் பணி அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, பெயரையும் ஊரையும் கேட்டு, "மதராசி. உன் ஆளு, நீயே பாரு" என்று வள்ளியம்மையிடம் அனுப்பினார்.

"உக்காரும்மா. எந்த ஊரு?"

"திருச்சி. உறையூர்." குரல் கரகரத்து, பாதிக்குமேல் காற்றாகத்தான் வந்தது.

"நமக்குச் சிவகங்கைப் பக்கம். இங்க எங்க இருக்க?"

"முனிர்காவுல. மூணாவது மாடி. கல்யாணம் ஆகி ஒண்ணரை வருஷம் ஆகுது, அக்கா."

அக்கா என்று அந்த நிலையத்தில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. தீதி, மேடம், வள்ளி, இவ்வளவுதான். ஷ்வேதா துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். குரல்வளையின் இரண்டு பக்கமும் விரல் பதிந்து, ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. கணவன் அர்விந்த் வேலை போய் ஐந்து மாதமாக வீட்டிலிருந்தான். முதலில் போனைப் பிடுங்கினான், பிறகு அறைந்தான், முந்தாநாள் சமையலறைச் சுவரோடு வைத்துக் கழுத்தை நெரித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றாள் ஷ்வேதா. அதற்குப் பிறகு எச்சில் விழுங்கவே முடியவில்லையாம்.

வள்ளியம்மை அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னால் அவள் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

நிலையத்திலிருந்து போன் போய், ஷ்வேதா வந்து அரை மணிக்குள் மாமனார் மகாதேவன் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. கோல் மார்க்கெட் குடியிருப்பில் முப்பது வருஷம் இருந்தவர். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். எஸ்.எச்.ஓ. எழுந்து நின்று நாற்காலி காட்டினார். பின்னாலேயே அர்விந்த் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். மகாதேவன் வள்ளியம்மையிடம் தமிழில், "நம்ம ஊர்க்காரங்க ஒருத்தர் இங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சதும்தான் உயிரே வந்ததும்மா. சின்னஞ்சிறுசுங்க. வேலை போன டென்ஷன். நீங்க நல்லபடியா எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

அவள் எடுத்துச் சொன்னாள். மருத்துவமனைக்கு அனுப்பிக் காயத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், அனுப்பவில்லை. ஷ்வேதா நெடுநேரம் அந்த இரண்டு பக்கத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போறேனே, அக்கா. கேஸ் வேண்டாம். நான் வந்தேன்னு ஒரு ரெக்கார்டு இருந்தாப் போதும்."

"எழுதிட்டா அது கேஸ்தாம்மா. அவனுக்கு இனி வேலையே கிடைக்காது. அந்தக் கோபமும் உன் மேலதான் திரும்பும். குடும்பம்னா நாலும் இருக்கும். கொஞ்சம் ஆறப்போடு."

"பயமா இருக்கு."

"என் நம்பர் வச்சுக்க. என்னன்னாலும் கூப்பிடு. நான் இருக்கேன்ல."

ஷ்வேதா அவள் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொல்றீங்கன்னு போறேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வள்ளியம்மை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மகாதேவன் கைகூப்பிவிட்டுப் போனார்.

பதினோரு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை. யாரோ வெளிநாட்டுத் தலைவர் வருகைக்காக நிலையத்தில் பாதிப் பேரைச் சாலையோரம் நிறுத்தியிருந்தார்கள். வள்ளியம்மையும் காலை ஆறு மணியிலிருந்து ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றாள். போனை மௌனத்தில் போட்டுப் பையில் வைக்கச் சொல்லி உத்தரவு. பதினொன்றரைக்கு எடுத்துப் பார்த்தபோது ஷ்வேதாவிடமிருந்து இரண்டு அழைப்புகள், பத்து ஏழுக்கும் பத்து ஒன்பதுக்கும். திருப்பிக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அக்கம்பக்கத்தார் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து ஒரு பெண் கீழே நின்ற ஸ்கூட்டர்கள் மேல் விழுந்துகிடக்கிறாள் என்று. அவளாகக் குதித்தாள் என்று அர்விந்த் சொன்னான்.

உயிர் போகவில்லை. முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே எல்லாம் செத்துவிட்டது. ஒன்பதாம் நாள், வாக்குமூலம் கொடுக்கும் நிலையில் இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். விசாரணை அதிகாரி சப் இன்ஸ்பெக்டர் தேஷ்வால் போனார். ஷ்வேதா ஆங்கிலத்தில் சொல்லக்கூடியவள். ஆனால், "தமிழ்லதான் சொல்லுவேன். ஹெல்ப் டெஸ்க்ல இருக்காங்களே, அவங்கதான் வந்து எழுதணும்" என்று ஒரே பிடியாக நின்றாள். தேஷ்வால் போன் போட்டு வள்ளியம்மையை வரவழைத்தார்.

அவள் அதுவரை மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. வார்டு வாசலில் ஷ்வேதாவின் அம்மா கோமளா, திருச்சியிலிருந்து வந்தவர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காக்கி உடுப்பைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார். யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

கட்டிலில் ஷ்வேதா தலையைத் திருப்ப முடியாமல் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். நலம் விசாரிக்க வள்ளியம்மை வாயெடுத்தாள். "எழுதுங்க" என்றாள் ஷ்வேதா. எழுத ஆரம்பித்தாள். தமிழில் கேட்டு ஹிந்தியில் எழுதினாள். அன்று காலை அவன் போனைக் கேட்டது, கொடுக்க மறுத்தது, பாத்ரூமில் பூட்டிக்கொண்டு இரண்டு தடவை ஒரு நம்பருக்குப் போட்டது, கதவு உடைந்தது, பால்கனி, அவன் இரண்டு கையும் அவள் தோளில் இருந்தது.

"யார் நம்பருக்குப் போட்டேன்னு எழுதலையே?"

வள்ளியம்மையின் பேனா நின்றது.

"அதுக்கும் பதினோரு நாளைக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு வந்தேன். கழுத்துத் தடத்தைக் காட்டினேன். எழுதிக்கச் சொன்னேன். வேண்டாம்னு சொல்லி அனுப்பினாங்க. யார் அனுப்பினாங்கன்னு பேரோட எழுதுங்க."

தமிழ் புரியாவிட்டாலும் 'ஸ்டேஷன்' என்ற சொல் தேஷ்வாலின் காதில் விழுந்தது. குனிந்து, "இதை ரெஹ்னே தோ, விட்டுடு. இந்தக் கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. விழுந்த அன்னிக்கு நடந்தது மட்டும் போதும்" என்றார். அவர் சொன்னது அதட்டல் இல்லை. வள்ளியம்மையைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

ஷ்வேதாவுக்கு ஹிந்தி கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. எழுதாமல் விட்டுவிட்டு எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. வள்ளியம்மை அதை நினைத்தாள். ஒரு வினாடி இல்லை, நன்றாகவே நினைத்தாள். வேலை, பிளஸ் டூ படிக்கும் மகள், வீட்டுக் கடன், எல்லாம் வந்து போயின. பிறகு எழுதினாள். 'தலைமைக் காவலர் வள்ளியம்மை' என்று தன் பெயரை முழுசாக, பதவியோடு, காவலர் அடையாளமான பெல்ட் நம்பரோடு எழுதினாள். தேஷ்வால் நிமிர்ந்து ஜன்னலருகே போய்விட்டார்.

"ஹிந்தியிலயே படிங்க" என்றாள் ஷ்வேதா. படித்தபோது அந்தப் பெயர் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வந்ததும் திறந்தாள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கைப் பெருவிரலை நீட்டினாள். வள்ளியம்மை அதில் மை தடவினாள்.

"மன்னிச்சிரும்மா" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் ஷ்வேதா.

அன்று சாயந்தரமே எஸ்.எச்.ஓ. கூப்பிட்டார். மயக்கத்தில் உளறியிருக்கிறாள், புதிதாக ஒன்று எழுதிவிடலாம் என்றார். டாக்டர் கையெழுத்து இருக்கிறது, முடியாது என்றாள். "அப்போ அந்த ட்ராயரையாவது காலி பண்ணு" என்றார். மறுநாள் காலை அவள் ஒரு துணிப்பையோடு வந்து, இழுப்பறையில் இருந்த கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஷ்வேதா விழுந்தது பற்றித் துறை விசாரணைக்கு நியமிக்கப்பட்ட உதவி ஆணையர் சுஷ்மாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

முந்தைய இரவு தீனா கேட்டிருந்தார். ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் அவர், அதிகம் பேசாதவர். "உனக்கு எதிரா நீயே சாட்சி குடுப்பியா? எல்லா ஸ்டேஷன்லயும் இப்படித்தானே நடக்குது?"

"எல்லா ஸ்டேஷன்லயும் நடக்குது. அந்தப் பொண்ணை அனுப்புனது நான்."

சுஷ்மா கடிதங்களை மேசை மேல் கொட்டி எண்ணச் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் சாட்சி வள்ளியம்மை. சுஷ்மா கடுமையான பெண்மணி. திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு. "இதுல எத்தனை பேர் இப்ப உயிரோட இருக்காங்க?"

அந்தக் கேள்வி வள்ளியம்மைக்கு ஆறு வருஷத்தில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. டீ குடித்துவிட்டு வாசலைத் தாண்டினவர்கள் அவளுடைய கணக்கில் முடிந்துபோனவர்கள்.

"தெரியாது, மேடம்."

"அப்போ கண்டுபிடி."

மேசையிலிருந்து எடுத்து அவளை ஆயுதக் கிடங்குப் பணிக்குத் தள்ளினார்கள். விசாரணை முடிவில் கண்டனமும் சம்பள உயர்வு நிறுத்தமும் வந்தன. எஸ்.எச்.ஓ.வுக்கு இடமாற்றம் மட்டும். யமுனைக்கு அந்தப் பக்கம் வேறொரு நிலையத்தில் இப்போதும் அதிகாரியாகத்தான் இருக்கிறார். ஆனால் சுஷ்மாவின் உத்தரவுப்படி வள்ளியம்மை தினமும் மூன்று மணி நேரம், மாவட்ட அலுவலகத்தில் சாமான் அறை ஒன்றில் உட்கார்ந்து, கடிதங்களில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். தனியாக இருக்கிறீர்களா என்றுதான் முதலில் கேட்பாள். இல்லை என்றால், கேஸ் சிலிண்டர் பற்றி விசாரிப்பதுபோல் பேசிவிட்டு வைத்துவிட்டு, வேறொரு நேரத்தில் மறுபடி போடுவாள்.

நாலு மாதம் ஆயிற்று. இரண்டு பேர் செத்திருந்தார்கள். ஒருத்தி தூக்கில், இன்னொருத்தி அடுப்புத் தீயில் என்று வீட்டார் சொன்னார்கள். இரண்டையும் சுஷ்மா மறுவிசாரணைக்கு அனுப்பினார். நாற்பத்தாறு பேர் இன்னும் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் அவள் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். ஒருத்தி பொறுமையாக முழுதும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு நான் பேசினதையும் இப்படிப் பொறுமையாக் கேட்டிருந்தா என் பொண்ணுக்கு ஒரு காது போயிருக்காது, தீதி" என்றாள். அந்த நாற்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் வந்து புகார் கொடுத்தார்கள். இப்படிப் பேச்சுக் கேட்ட நாட்களில் வள்ளியம்மை அந்த அறையிலேயே மதியச் சோற்றைச் சாப்பிடாமல் மூடி வைத்துவிடுவாள்.

அறிக்கை எழுதும்போது, என்ன மாற்ற வேண்டும் என்று சுஷ்மா அவளையே கேட்டார். "முதல்ல எழுதணும் மேடம். நம்பர் போட்டு நகலைக் கையில குடுத்துட்டு, அப்புறம்தான் வாயைத் திறக்கணும். கழுத்துல கை வச்சான்னு சொன்னா நேரா ஆஸ்பத்திரி. கல்யாணம், புருஷன், மாமனார், எதுவும் அதுக்கு முன்னாடி பேசக் கூடாது." அந்த மாவட்டத்து நிலையங்களுக்கு அப்படியே உத்தரவு போயிற்று. சில மேசைகளில் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். சில மேசைகளில் சுவரில் ஒட்டி வைத்ததோடு சரி.

ஷ்வேதாவைச் சக்கர நாற்காலியில் அம்மா திருச்சிக்கு அழைத்துப் போய்விட்டார். அர்விந்த் பதினான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். போன வருஷம் வள்ளியம்மை சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவனுடைய வக்கீல் அந்தச் சமரசக் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே? காயம் இருந்திருந்தா இதுல எழுதியிருப்பீங்களே. எதுவும் இல்லையே?"

"காயம் இருந்தது. பார்த்தேன். எழுதலை."

"அப்போ அன்னிக்குப் பொய், இல்ல இன்னிக்குப் பொய். எது?"

"அன்னிக்கு" என்றாள்.

கோர்ட்டின் காணொளித் திரையில், திருச்சியிலிருந்து, ஷ்வேதாவின் முகம் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை. நீதிபதி அடுத்த தேதியைச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது.

முந்நூற்றுப் பன்னிரண்டில் பதினோரு பேரைப் போனில் பிடிக்கவே முடியவில்லை. இதற்கு உத்தரவு ஒன்றும் இல்லை. விடுப்பு நாட்களில், சாதாரணச் சேலையில், வள்ளியம்மை அந்த முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போன பிப்ரவரியில் முனிர்காவின் உள்சந்து ஒன்றில் ஒரு கதவைத் தட்டினாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கை ஒடிந்து வந்த பெண்தான் திறந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் தெரிந்தது.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேன், தீதி. அவன் செத்துட்டான். குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து செத்தான்." சாதாரணமாகச் சொன்னாள். உள்ளே தையல் இயந்திரம் ஒன்றும் துணிக் குவியலும் தெரிந்தன. கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு உங்ககிட்ட வந்தப்ப, நீங்களும் அவன் பக்கத்து ஆளுன்னு நினைச்சேன்."

"அன்னிக்கு அப்படித்தான் இருந்தேன்" என்றாள் வள்ளியம்மை.

அந்தப் பெண் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். எலும்பு கோணலாகச் சேர்ந்து, முழங்கை முழுசாக நீளவில்லை. வள்ளியம்மை பையிலிருந்து நோட்டை எடுத்து, வாசலில் நின்றபடியே, கையில் இருந்த காயம் என்னவென்று கேட்டு எழுத ஆரம்பித்தாள்.